விலங்கியலும் விலங்குப் பராமரிப்பும்: பல்கலைக்கழகத்தில் உண்மையில் என்ன படிக்கிறார்கள்?

பறவைகளுக்கு உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் காற்றுப்பைகள் விரிந்து சுருங்கி, நுரையீரல் வழியாகக் காற்று ஓடும். அதனால் ஒரு கிளியை மார்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்தால், மூக்கும் வாயும் திறந்திருந்தாலும் அது மூச்சுத்திணறிச் செத்துவிடும். தலையை விரல்களால் அசையாமல் தாங்க வேண்டும். இறக்கைகளை உடலோடு அணைக்க வேண்டும். மார்பின் மேல் எந்த அழுத்தமும் விழக்கூடாது.

மேலே உள்ள முதல் வாக்கியம் விலங்கியல், கடைசி வாக்கியம் விலங்குப் பராமரிப்பு. முதலாவது மட்டும் தெரிந்தவர் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்குவார். கடைசியை மட்டும் தெரிந்தவர் கிளியைச் சரியாகப் பிடிப்பார். ஆனால் நாளைக்கு ஆமையோ முள்ளம்பன்றியோ கையில் வந்தால் என்ன செய்வதென்று விழிப்பார். இரண்டையும் ஒரே பாடத்திட்டத்தில் வைத்திருக்கும் பட்டப்படிப்புகள் வளர்க்க முயல்வது, உடலமைப்பிலிருந்து பராமரிப்பு முறையைத் தானே வருவித்துக்கொள்ளும் திறனை. உலகில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பறவையினங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கையேடு யாரும் எழுதித் தரப்போவதில்லை.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். இது கால்நடை மருத்துவப் படிப்பு அல்ல. நோயைக் கண்டறிவது, மருந்து எழுதுவது, அறுவை செய்வது ஆகியவை பெரும்பாலான நாடுகளில் பதிவுபெற்ற கால்நடை மருத்துவருக்கு மட்டுமே உரியவை. கால்நடை மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்காததால் இதில் சேருபவர்கள் நிறையப் பேர். மூன்று நான்கு வருடம் கழித்து அங்கே தாவிவிடலாம் என்ற கணக்கு சில இடங்களில் பலிக்கும், பல இடங்களில் பலிக்காது. சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது.

முதலாண்டில் விலங்கையே பார்க்க முடியவில்லை என்பது எல்லா ஊரிலும் மாணவர்கள் வைக்கும் புகார். செல் உயிரியல், உயிர்வேதியியல், மரபியல், வகைப்பாடு, புள்ளியியல் என்று ஆண்டு ஓடிவிடும். இவற்றில் வகைப்பாட்டை மனப்பாடச் சுமையாக நினைத்துத் தள்ளுபவர்கள் பிறகு வருந்துவார்கள். தெரியாத விலங்கு ஒன்று வந்தால் அதன் நெருங்கிய உறவுகள் எவை என்பதுதான் கையில் இருக்கும் முதல் தடயம். கினிப்பன்றியைப் பார்த்து எலிக்குச் செய்வதையெல்லாம் செய்தால், சில வாரங்களில் அதற்கு ஸ்கர்வி வரும். எலி தன் உடலிலேயே வைட்டமின் சி தயாரித்துக்கொள்ளும், கினிப்பன்றியால் முடியாது. அதற்குத் தினமும் ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் 10 மி.கி. வேண்டும், சினையாக இருந்தால் அதைவிட அதிகம். தீவனப் பையில் வைட்டமின் சி சேர்த்திருந்தாலும் பை பழசானால் அது சிதைந்துபோகும். ஆகவே தயாரித்த தேதியைப் பார்க்காமல் பையைப் பிரிக்கக்கூடாது.

தீவனம்: கணக்கு தவறும் இடங்கள்

இந்தப் படிப்பில் அதிகம் குறைத்து மதிப்பிடப்படும் பாடம் ஊட்டச்சத்தியல். பராமரிப்பில் வரும் நீண்டகாலத் தொல்லைகளில் பெரும்பகுதியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

மாக்ஸ் கிளைபர் 1932இல் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்குவது வழக்கம். ஓய்வில் இருக்கும் பாலூட்டி ஒரு நாளில் செலவழிக்கும் ஆற்றல், ஏறத்தாழ உடல் எடையின் 0.75 அடுக்கை 70ஆல் பெருக்கினால் வரும் கிலோகலோரி. ஒரு கிலோ விலங்குக்கு 70. பதினாறு கிலோ விலங்குக்கு 560, அதாவது கிலோவுக்கு 35. பத்தாயிரம் கிலோ என்று வைத்துக்கொண்டால் 70,000. கிலோவுக்கு வெறும் 7. உடல் பெருக்கப் பெருக்க ஒவ்வொரு கிலோவும் குறைவாகவே எரிக்கிறது. நடமாடும் விலங்குக்குப் பல சமயம் இதன் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை தேவைப்படும். ஊர்வனவற்றுக்கோ இதில் ஒரு சிறு பங்கே போதும். பாலூட்டிக் கணக்கை அப்படியே ஆமைக்குப் போட்டால் அது கொழுத்துவிடும்.

மருந்தளவிலும் இதே தவறு நடக்கும். 1962இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் டஸ்கோ என்ற ஆண் யானைக்கு ஓர் ஆய்வுக்காக எல்.எஸ்.டி. என்ற போதைமருந்தை 297 மி.கி. செலுத்தினார்கள். பூனையில் செய்த சோதனையை வைத்து, எடைக்கு எடை பெருக்கிப் போட்ட அளவு அது. சில நிமிடங்களில் யானை சாய்ந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் இறந்தது. நடுவில் கொடுத்த மற்ற மருந்துகளுக்கும் அந்த மரணத்தில் பங்குண்டா என்று விவாதிப்பவர்கள் உண்டு. எடையை மட்டும் வைத்துப் பெருக்கியது தவறு என்பதில் விவாதமே இல்லை.

அடுத்தது உலர்நிறை, அதாவது தீவனத்தில் தண்ணீர் போக மிஞ்சும் எடை. ஒரு கிலோ லெட்டூஸ் கீரையில் ஏறத்தாழ 950 கிராம் தண்ணீர். ஒரு கிலோ உலர்புல்லில் சுமார் 100 கிராம்தான். இரண்டையும் கிலோவுக்குக் கிலோ வைத்துவிட்டு 'பாதி கீரை, பாதி புல்' என்று பதிவேட்டில் எழுதினால், உலர்நிறையில் கீரையின் பங்கு 5 சதவீதம் மட்டுமே. அதனால் தீவனங்களை ஒப்பிடும் கணக்கு எப்போதும் உலர்நிறையில்தான் நடக்கும். விலங்கு எவ்வளவு தின்றது என்பதைக் கண்டுபிடிக்க, வைத்ததிலிருந்து மிச்சத்தைக் கழிப்பார்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெட்டிய காய் மணிக்கணக்கில் காய்ந்து எடை இழக்கும். அந்த இழப்பும் விலங்கு தின்ற கணக்கில் சேர்ந்துவிடும். இதைத் தவிர்க்க, அதே தீவனத்தை அதே அளவில் ஒரு தட்டில் எடுத்து, விலங்கு எட்டாத இடத்தில், அதே வெயிலிலும் காற்றிலும் வைக்க வேண்டும். அந்தத் தட்டு இழந்த எடையின் விகிதத்தைக் கொண்டு மிச்சத்தைத் திருத்த வேண்டும். கூட்டமாக வாழும் விலங்குகளில் இதுவும் போதாது. வலுவானது இனிப்பை எடுத்துக்கொள்ளும், ஒதுங்கி நிற்பதற்குத் தண்டுதான் மிஞ்சும். சராசரி மட்டும் அழகாக இருக்கும்.

மீன் தின்னும் விலங்குகளில் தயமின் (வைட்டமின் பி1) குறைபாடு ஒரு பழைய கதை. ஹெர்ரிங் போன்ற சில மீன்களில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. மீன் உறைநிலையில் கிடக்கும்போதும் உருகும்போதும் அது தயமினைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். சீல், பென்குவின் போன்றவை வயிறு நிறையத் தின்றுவிட்டு நரம்புத் தளர்ச்சியோடு தடுமாறும். வழக்கமான தீர்வு: ஒரு கிலோ மீனுக்கு 25 முதல் 30 மி.கி. தயமின், கூடவே 100 அலகு வைட்டமின் ஈ. மாத்திரையை ஒரு மீனின் செவுளுக்குள் செருகி, முழு உணவுக்குச் சற்று முன்னதாகவே தனியாகக் கொடுக்க வேண்டும். முழு வாளியில் கலந்தால் மீதி மீன்களின் நொதி அதையும் தின்றுவிடும். மீனை உருக்குவது குளிர்பெட்டிக்குள். ஓடும் நீரில் போட்டால் நீரில் கரையும் சத்துகள் வழிந்தோடிவிடும்.

ஊர்வனவற்றில் அடிக்கடி காண்பது எலும்பு மென்மையாகிப்போகும் நோய். தாடை ரப்பர் போல வளையும், கால்கள் கோணலாகும், தசை துடிக்கும். சுண்ணாம்புச்சத்து கொடுத்துமா என்று ஆச்சரியப்படுபவர்கள் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. ஒன்று, விகிதம். சுண்ணாம்பும் பாஸ்பரசும் ஒன்றரைக்கு ஒன்று முதல் இரண்டுக்கு ஒன்று வரை இருக்க வேண்டும்; வெறும் சிள்வண்டில் பாஸ்பரஸ்தான் பல மடங்கு அதிகம். சிள்வண்டுக்கே சுண்ணாம்புச்சத்துள்ள தீனி கொடுத்து, பிறகு அதன்மேல் பொடியும் தூவுவது அதனால்தான். இரண்டு, ஒளி. தோலில் வைட்டமின் டி3 உருவாகத் தொடங்க 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புறஊதாக் கதிர் தேவை. சாதாரணக் கண்ணாடி அதைத் தடுத்துவிடும், ஆகவே ஜன்னலோர வெயில் வெறும் சூடுதான். விளக்கும் ஏமாற்றும்: புறஊதா குறைந்த பிறகும் கண்ணுக்குப் பளிச்சென்றே எரிந்துகொண்டிருக்கும். அதை மீட்டர் வைத்து அளக்க வேண்டும், அல்லது தயாரிப்பாளர் சொன்ன காலத்தில் மாற்ற வேண்டும். மூன்று, வெப்பம். உடல் சூடாகாவிட்டால் செரிமானமும் நடக்காது, டி3 உருவாகும் வேதிமாற்றமும் மந்தமாகும். இந்த மூன்றில் எது குறைந்தாலும் நோயின் தோற்றம் ஒன்றுதான். அதனால் அறிகுறியை மட்டும் பார்த்துப் பொடியை இரட்டிப்பாக்குவது வீண்வேலை.

பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு

நடத்தையியல் வகுப்பில் சேரும் எல்லோரும் தங்களுக்கு விலங்கைப் பார்க்கத் தெரியும் என்றுதான் நினைக்கிறார்கள். ஜீன் ஆல்ட்மன் 1974இல் எழுதிய கட்டுரை அந்த நினைப்பைக் கலைக்கும். கண்ணில் பட்டதைக் குறித்துக்கொண்டே போனால், சண்டை போலப் பளிச்சென்று தெரிவது மிகையாகவும், படுத்திருப்பது போலச் சத்தமில்லாதது குறைவாகவும் பதிவாகும் என்று அவர் காட்டினார். தீர்வு, எதை எப்போது பார்ப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுவது. ஒரே விலங்கைக் குறித்த நேரம் வரை தொடர்ந்து பார்க்கலாம். அல்லது, உதாரணமாக, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மணி ஒலித்த அந்தக் கணத்தில் ஒவ்வொரு விலங்கும் என்ன செய்கிறது என்று பதியலாம். நொடிப்பொழுதில் முடிந்துபோகும் செயல்களுக்கு இரண்டாவது முறை ஒத்துவராது. மணி அடிக்கும்போது கொட்டாவி விடச் சொல்லி யாரும் விலங்குக்குச் சொல்ல முடியாது.

அதற்கு முன்னால் எத்தோகிராம் எழுத வேண்டும், அதாவது நடத்தைகளின் பட்டியலும் ஒவ்வொன்றுக்குமான வரையறையும். 'கோபமாக இருக்கிறது' என்பது வரையறை ஆகாது. 'காதுகள் பின்னால் மடிந்திருக்கின்றன, வாய் திறந்திருக்கிறது, எதிரிலுள்ள விலங்கை நோக்கி உடல் திரும்பியிருக்கிறது' என்பது ஆகும். பிறகு இரண்டு பேர் ஒரே காணொளியைத் தனித்தனியாகப் பார்த்துப் பதிய வேண்டும். இருவர் பதிவும் ஒத்துப்போகாவிட்டால் பட்டியலைத் திருத்தி மறுபடி தொடங்க வேண்டும். இந்தச் சலிப்பூட்டும் வாரத்தைத் தாண்டிக் குதித்தவர்களின் தரவு கடைசியில் குப்பைக்கூடைக்குத்தான் போகும்.

அதைவிடப் பொதுவான தவறு, எண்ணிக்கை சார்ந்தது. பன்னிரண்டு கீரிகள் கொண்ட ஒரே கூட்டத்தை இருநூறு முறை பார்த்துவிட்டு இருநூறு மாதிரிகள் என்று கணக்குப் போடுவார்கள். ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இல் இதைப் போலிப் பெருக்கம் என்று பெயரிட்டுக் கண்டித்தார். அந்தக் கூட்டம் முழுவதும் சேர்ந்து உண்மையில் ஒரு மாதிரி மட்டுமே. அதனுள் இருக்கும் விலங்குகள் ஒன்றையொன்று பார்த்து நடப்பவை. கூடுதலாகப் பார்த்தால் அந்தக் கூட்டத்தைப் பற்றிய அளவீடு துல்லியமாகும், ஆனால் எல்லாக் கீரிகளுக்கும் பொருந்தும் முடிவு வந்துவிடாது. இளங்கலை ஆய்வுத்திட்டங்கள் மதிப்பெண் இழக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். தரவு சேகரிக்கும் முன்பே புள்ளியியல் ஆசிரியரிடம் போனால் பத்து நிமிடத்தில் தீரக்கூடியது. சேகரித்த பின் போனால் அனுதாபம் மட்டும் கிடைக்கும்.

நடத்தைச் செறிவூட்டல், அதாவது அடைபட்ட விலங்கு தன் இயல்பான நடத்தைகளைக் காட்ட வாய்ப்பு ஏற்படுத்தித் தருவது, இதே ஒழுங்கில்தான் நடக்க வேண்டும். கூண்டுக்குள் ஒரு பந்தைப் போடுவதற்குப் பெயர் செறிவூட்டல் அல்ல. இந்த இனம் காட்டில் எதற்கு அதிக நேரம் செலவிடுகிறது, இங்கே அதில் எது இல்லை, அதைக் கொண்டுவர என்ன செய்யலாம், வைத்த பிறகு என்ன மாறியது என்ற கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்க வேண்டும். புதுமை சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் முதல் நாள் பதிவை மட்டும் நம்பக்கூடாது. மாலையில் குறுக்கும் நெடுக்கும் நடக்கும் சிறுத்தை மன உளைச்சலில் இருக்கலாம், அல்லது தினமும் அதே நேரத்துக்கு வரும் உணவை எதிர்பார்த்துக்கொண்டிருக்கலாம். உணவு நேரத்தைச் சில நாள் மாற்றிப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். கயிறு தொங்கவிடும்போது தலை நுழையும் அளவுக்கு வளையம் இருக்கக்கூடாது. நார் பிரிந்தால் விழுங்கிக் குடலில் சிக்கிக்கொள்ளும்.

பிடிப்பதிலும் உடலியல் குறுக்கே வரும். மானைத் துரத்திப் பிடித்தால், பிடிபட்ட பின் நன்றாக நின்றுகொண்டிருந்த விலங்கு சில மணி நேரத்திலோ சில நாளிலோ இறந்துபோகலாம். அதீத முயற்சியில் தசை நார்கள் சிதைந்து, அவற்றின் புரதம் சிறுநீரகத்தை அடைப்பது ஒரு காரணம். அதனால்தான் துரத்துவதற்குப் பதிலாக, தானே வந்து எடைமேடையில் ஏறவும் ஊசிக்குக் காலை நீட்டவும் விலங்குக்குப் பயிற்சி தருகிறார்கள். சரியான செயல் நடந்த அந்தக் கணத்திலேயே விசிலோ கிளிக்கோ ஒலிக்க வேண்டும், தின்பண்டம் அதைத் தொடர்ந்து வர வேண்டும். இரண்டு நொடி தாமதித்தால், விலங்கு அப்போது செய்துகொண்டிருந்த வேறெதற்கோ பரிசு கிடைத்ததாக அர்த்தமாகிவிடும்.

கழுவுவதும் எண்ணுவதும்

கிருமிநாசினியை ஊற்றுவதற்கு முன் சாணத்தையும் தீவன மிச்சத்தையும் அகற்றி, சோப்புநீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றிய குளோரின் அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். ஊற்றியதும் துடைத்துவிடக்கூடாது, குப்பியில் எழுதியிருக்கும் நிமிடங்கள் வரை தரை ஈரமாகவே இருக்க வேண்டும். சிறுநீர் தேங்கிய தரையில் குளோரின் கரைசலை ஊற்றினால் அம்மோனியாவோடு சேர்ந்து நச்சுவாயு வரும். பூனை இனங்கள் இருக்கும் இடத்தில் ஃபீனால் வகைக் கிருமிநாசினி ஆகாது, அவற்றின் கல்லீரலால் அதை எளிதில் கழிக்க முடியாது. வேலை வரிசை ஆரோக்கியமானவையும் குட்டிகளும் முதலில், நோயுற்றவை பிறகு, தனிமைப்படுத்தல் பகுதி கடைசியில். புதிதாக வரும் விலங்கைத் தனியே வைக்கும் காலம் பொதுவாகக் குறைந்தது 30 நாள். இடையில் இன்னொன்றை அதே அறைக்குள் விட்டால் எண்ணிக்கை மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும்.

சாணத்தில் ஒட்டுண்ணி முட்டைகளை எண்ணும் மெக்மாஸ்டர் முறை அநேகமாக எல்லாத் துறைகளிலும் செய்முறைப் பாடம். 2 கிராம் சாணத்தை 28 மி.லி. அடர்ந்த உப்புக் கரைசலில் கரைத்து வடிகட்ட வேண்டும். நன்றாகக் கலக்கிய உடனே கண்ணாடிச் சில்லின் இரண்டு அறைகளையும் நிரப்பி, சில நிமிடம் பொறுத்து, கோடிட்ட பகுதியில் உள்ள முட்டைகளை எண்ணி 50ஆல் பெருக்கினால், ஒரு கிராமில் உள்ள முட்டைகள். 50 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. மொத்தம் 30 மி.லி.யில் 2 கிராம், அதாவது கிராமுக்கு 15 மி.லி.; இரண்டு அறைகளிலும் சேர்த்துப் பார்ப்பது 0.3 மி.லி.; 15ஐ 0.3ஆல் வகுத்தால் 50. ஒரு முட்டையும் தென்படாவிட்டால் ஒட்டுண்ணி இல்லை என்று எழுதக்கூடாது. 50க்குக் குறைவாக இருந்தால் இந்த முறைக்குச் சரியாகத் தெரியாது. தட்டைப்புழுக்களில் பலவற்றின் முட்டைகள் கனமானவை, மிதக்காது. அவற்றைப் படியவைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இனப்பெருக்க மேலாண்மைக்கும் கொஞ்சம் கணிதம் வேண்டும். ஒரு ஆணும் ஒன்பது பெண்களும் இருந்தால் விலங்குகள் பத்து. ஆனால் மரபியல் கணக்கில் அதன் பயனுறு எண்ணிக்கை 3.6தான்: ஆண், பெண் எண்ணிக்கைகளின் பெருக்கலை நான்கால் பெருக்கி மொத்தத்தால் வகுக்க வேண்டும். ஐந்தும் ஐந்துமாக இருந்தால் முழுப் பத்து. நூறு ஆண்டுக்குப் பிறகும் 90 சதவீத மரபணுப் பன்முகத்தன்மை மிஞ்ச வேண்டும் என்பது காப்பினப்பெருக்கத் திட்டங்கள் பலவற்றின் இலக்கு. அதற்காகவே வம்சாவளிப் பதிவேடு வைத்து, கூட்டத்தில் உறவுகள் குறைவாக உள்ள விலங்குகளை முன்னிறுத்தி இணைசேர்க்கிறார்கள். அரேபிய ஓரிக்ஸ் என்ற மான் போன்ற விலங்கு 1972இல் காட்டில் அற்றுப்போய், 1982இல் ஓமானில் மறுபடி விடப்பட்டது காப்பகங்களில் இருந்த சிறு கூட்டத்தின் வாரிசுகளால்தான்.

நெறிமுறைப் பாடம் இதற்கெல்லாம் ஊடாக வரும். சோதனை விலங்குகளுக்கு மாற்று தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்ற மூன்று கொள்கைகள் ரஸ்ஸல், பர்ச் இருவரும் 1959இல் வகுத்தவை. ஐந்து சுதந்திரங்கள் என்ற பட்டியலுக்கு வித்திட்டது 1965இல் பிரிட்டனில் வந்த பிராம்பெல் குழு அறிக்கை. பெரும்பாலும் துன்பம் இல்லாதிருப்பதைப் பேசும் அந்தப் பட்டியலோடு நிற்காமல், விலங்கின் மனநிலையையும் தனியே கணக்கில் எடுக்கும் ஐந்து களங்கள் (ஊட்டச்சத்து, சூழல், உடல்நலம், நடத்தை, மனநிலை) என்ற முறையை 1994இல் மெல்லரும் ரீடும் முன்வைத்தார்கள். தேர்வில் வருடங்கள் கேட்பார்கள். வேலையில் கேட்கப்படுவது, இன்று இந்தக் கூண்டை எந்தக் களத்தில் எத்தனை மதிப்பிடுவாய் என்பது.

எங்கே சேருவது, என்ன கேட்பது

பல்கலைக்கழக விளம்பரப் படங்களில் எப்போதும் ஒரு மாணவி ஆந்தையைக் கையில் வைத்திருப்பார். அதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். விலங்குகளோடு நேரடியாக வேலை செய்யும் மணிநேரம் மொத்தம் எத்தனை, அதில் எத்தனை பேர் கொண்ட குழு, களப்பயிற்சி இடத்தைத் துறை ஏற்பாடு செய்து தருமா அல்லது மாணவரே தேட வேண்டுமா, ஆய்வுத்திட்டத்துக்கு நெறிமுறைக் குழு அனுமதி தர எத்தனை வாரம் எடுக்கும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி சிறியதாகத் தெரியும். ஆனால் அனுமதி தாமதமாகி இனப்பெருக்கக் காலம் கடந்துபோனால் அடுத்த பருவம் வரை திட்டமே இல்லை. ஆகவே கடைசி ஆண்டுத் திட்டத்தின் விண்ணப்பத்தை முந்தைய ஆண்டே எழுதத் தொடங்க வேண்டும்.

களப்பயிற்சிக்குப் போகும் முன் டெட்டனஸ் தடுப்பூசி வேண்டும். வௌவால், நாய், காட்டு ஊனுண்ணிகளோடு வேலை என்றால் முன்தடுப்பாக வெறிநோய்த் தடுப்பூசியும். மக்காக் குரங்கு கடித்தாலோ கீறினாலோ காயத்தை உடனே சோப்பும் நீரும் விட்டுக் குறைந்தது 15 நிமிடம் கழுவி, நேராக மருத்துவரிடம் போக வேண்டும். அவற்றில் பல சுமக்கும் பி வைரஸ், குரங்குக்கு லேசான புண்; மனிதருக்கு மூளைக்காய்ச்சல். எலி, முயலின் ரோமத்தாலும் சிறுநீராலும் ஒவ்வாமை வருபவர்கள் நிறைய. முதல் தும்மலிலேயே முகக்கவசம் போடாமல் தள்ளிப்போட்டால் ஆஸ்துமாவாகி வேலையையே விட நேரலாம்.

வேலை விஷயத்தில் விலங்குக் காட்சிச்சாலையை மட்டுமே மனத்தில் வைத்திருப்பவர்கள் நீண்ட வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ஆய்வக விலங்குப் பராமரிப்பு, மீன்வளர்ப்பு, காயம்பட்ட காட்டுயிர் மறுவாழ்வு மையங்கள், கட்டுமானத்துக்கு முந்தைய சூழல் ஆய்வு, பூச்சி மேலாண்மை, தீவன நிறுவனங்கள் ஆகியவற்றுக்கும் இதே திறன்கள் வேண்டும், போட்டியும் அங்கே குறைவு. தெற்காசியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் சரிந்ததன் காரணத்தைக் கண்டுபிடித்து 2004இல் வெளியிட்ட குழு செய்ததும் இந்தப் பாடங்களின் கலவைதான். இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தார்கள். உள்ளுறுப்புகளில் யூரிக் அமில வெண்படிவு. சிறுநீரகம் செயலிழந்த அடையாளம். கிருமிகளையும் பூச்சிக்கொல்லிகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கிய பிறகு, மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி சிக்கியது. அந்த மாடுகளின் சடலத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தில் மருந்து இருந்தது, வேறு காரணத்தால் இறந்தவற்றில் இல்லை. 2006இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தன. மாற்றாக மெலாக்சிகாம் முன்வைக்கப்பட்டது, கழுகுகளில் அதைச் சோதித்துப் பாதுகாப்பானது என்று கண்ட பிறகு.